வாலில் மூன்று கிலோ

பிப்ரவரி 9

அண்ணி,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து நான்கு மாதம் ஆகிறது. அண்ணனிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேரு விமானச் சண்டையில என்னை இழுக்காதீங்க. அவளுக்கே லெட்டர் போடு" என்றார். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கிளைடர் வெள்ளச்சியின் வால் சக்கரத்து டயர் போய்விட்டது. பக்கவாட்டில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இன்று காற்று அடித்தால் நாளைக்குப் பாதிதான் இருக்கிறது. புது டயர் வர மூன்று வாரமாவது ஆகும் என்கிறார் மெக்கானிக். நீங்கள் ஊர் மாறிப் போகும்போது எடுத்துப்போன பித்தளைச் சக்கரத்தை அதுவரைக்கும் அனுப்பினால் நன்றாக இருக்கும். மூன்றாம் மாடி வீட்டில் அதை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், அண்ணி? சோபாவுக்கு மாட்டி ஓட்டுகிறீர்களா?

வெள்ளச்சி நிற்கும் ஹேங்கரில் உங்கள் தொப்பி அதே ஆணியில்தான் தொங்குகிறது. நான் எடுக்கவில்லை.

குருவி

பிப்ரவரி 16

குருவி,

உன் எடை ஐம்பத்திரண்டு கிலோ. மழையில் நனைந்துவிட்டு வந்தால் ஐம்பத்து மூன்று. என் எடை எண்பத்து மூன்று. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் பதினோரு ஆண்டுகளாக வெள்ளச்சி பறந்துகொண்டிருக்கிறாள். நீ மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன். இன்ஜின் இல்லாத, ஒரே ஒரு இருக்கை உள்ள ஒரு கிளைடரை நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து வாங்கியபோது கிளப்பில் எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரா? அதுவும் நாத்தனாரும் அண்ணியுமா? ஆறு மாசம் தாங்குமா?" என்றார் கிளைடர்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். தாங்கியது.

நான் உட்கார்ந்தால் மூக்கு கனத்துவிடும் என்பதற்காக வாங்கியது அந்தப் பித்தளைச் சக்கரம். சாதாச் சக்கரத்தைவிட அது மூன்று கிலோ கூடுதல். கடைசி நுனியில் இருப்பதால் வாலில் அந்த மூன்று கிலோ, இருக்கையில் இருபது கிலோவுக்கு மேல் ஈடுகட்டும். நீ அதை மாட்டிக்கொண்டு ஏறினால் ஈடுகட்ட முன்னால் எதுவும் இருக்காது. வெள்ளச்சி மூக்கை வானத்துக்குத் தூக்குவாள். பிறகு மூக்கை இறக்க நீ ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் கேட்கமாட்டாள். இதற்குப் பயந்துதானே அந்தப் பழக்கமே வைத்தோம்? பித்தளை மாட்டினால் என் சிவப்பு ஹேர்பேண்டை ஸ்டிக்கில் மாட்ட வேண்டும். கழற்றினால் பேண்டையும் கழற்ற வேண்டும். பேண்ட் இல்லை என்றால் சாதாச் சக்கரம், குருவி ஏறலாம்.

எனவே பித்தளை கேட்பது நீ அல்ல. எண்பது கிலோவுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் என் இருக்கையில் உட்காருகிறார்.

டயரும் அதைத்தான் சொல்கிறது. பக்கவாட்டில் வெடிப்பு வருவது பெரும்பாலும் காற்று குறைவாக ஓடியதால். நீ பறக்கும் நாளில் காலையில் பல் தேய்க்க மறப்பாய், காற்று பார்க்க மறக்கமாட்டாய். தரையில் படும் பகுதியைத் தடவிப் பார். ஓரிடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், வாலைத் தூக்காமல் தரையில் வைத்தே திருப்புகிற ஆள் யாரோ வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

யார்?

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணி,

தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் வழுவழுதான். உங்களுக்குப் பயந்து யாரும் தப்பு செய்ய முடியாது போலிருக்கிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர். செப்டம்பரில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவர். "வாரக் கடைசியில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். வாயில் பஞ்சோடு கிளைடர் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது! கல்லூரி நாளில் லைசென்ஸ் எடுத்தவராம். இருபது வருடமாகத் தொடவில்லை. இரட்டை இருக்கைக் கிளைடரில் பயிற்சியாளரோடு திரும்பப் பழகி, ஜனவரியிலிருந்து நம்முடையதில் பறக்கிறார். எண்பத்தொரு கிலோ. கிளப் தராசில் ஷூவோடு ஏறி நின்று சத்தமாகப் படித்தார். நீங்கள் செருப்பு, வாட்ச், காதுத் தோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவீர்களே, அது ஞாபகம் வந்தது.

சாதாச் சக்கரத்தோடேயே அவர் பறக்கிறார். ஆபத்து இல்லை என்றார் இன்ஸ்பெக்டர், எடை அட்டையில் போட்டிருக்கிற வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் மூக்கு கனக்கிறது. இறங்கும்போது ஸ்டிக்கைக் கடைசிவரை இழுத்தாலும் போதவில்லை. அவருக்குப் பித்தளை இருந்தால் சுகமாக இருக்கும்.

டயர் வெடிப்பு உண்மைதான். அதை மட்டும் நான் கதை கட்டவில்லை. டாக்டர் ஒரு யோசனை சொன்னார். அவர் கிளினிக்குக்குச் சாமான் கொண்டுவரும் டிராலிக்கு இதே அளவு டயர்தான். எண் அப்படியே ஒன்று. அதையே வாங்கி மாட்டட்டுமா?

குருவி

மார்ச் 4

குருவி,

டிராலி டயரை மாட்டாதே. அளவு எண் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. டிராலி டயருக்கு நடந்துபோகிற வேகம்தான் தெரியும். வெள்ளச்சி தரையைத் தொடும்போது அந்தச் சிறு சக்கரம் அசைவற்ற நிலையிலிருந்து ஒரே நொடியில் சுழல வேண்டும். அதற்கேற்ற அடுக்குகள் உள்ளே இருக்க வேண்டும். இன்னொன்று, காற்று அடித்ததும் அது அகலமாகும். வாலின் கூண்டுக்குள் உரசும். சரியான டயரை வாங்கினாலும், காற்று அடித்து ஒரு நாள் முழுக்க வெறுமனே வை. புது டயர் முதல் நாளில் கொஞ்சம் வளரும். பிறகு கூண்டில் வைத்து, இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறதா பார். ட்யூபுக்கு முகப் பவுடர் போடு, ஆனால் தாராளமாகப் போடாதே, ஓரிடத்தில் கட்டியாகிவிடும். நெயில் பாலிஷால் டயரிலிருந்து ரிம்முக்கு ஒரு கோடு இழு. டயர் ரிம்மில் நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராலி டயர் யோசனை சொல்கிறவருக்குச் சொல்.

செப்டம்பர் என்று எழுதியிருக்கிறாய். அதை நான்கு முறை படித்தேன். அக்டோபரில்தான் போனில் நீ என்னிடம் "வராதவங்களுக்கு எதுக்கு அண்ணி சீட்டு?" என்றாய். அன்று அது உன் கோபம் என்று நினைத்தேன். இப்போது அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது தெரிகிறது.

நான் வராததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. உன் அண்ணனின் புது வேலை, என் புது அலுவலகம், ரயிலில் பதினான்கு மணி நேரம். ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பொய் மாதிரி இருக்கிறது.

பித்தளைச் சக்கரத்தைப் பால்கனிக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்திருக்கிறேன். இங்கே காற்று அதிகம். நேற்று உன் அண்ணன் அதில் கால் இடித்துக்கொண்டு, "இதை அனுப்பித் தொலையேன். யாராவது பறந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்த 'யாராவது' என்ற சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் அடிக்கடி அப்படித்தான். வளையல் முழங்கை வரை ஏறுகிறது.

நேராகவே கேட்கிறேன். அவர் என் குஷன்மேல்தான் உட்காருகிறாரா? பெடலை என் கால் நீளத்துக்குத் தள்ளி வைத்திருந்தோமே, அதை மாற்றிவிட்டாரா? இறங்கியதும் நீயும் நானும் இறக்கையடியில் உட்கார்ந்து பேசுவோமே, அங்கே அவரும் உட்காருகிறாரா? நான் கண்ணாடி விதானத்தில் தலை இடித்துக்கொண்ட கதையை அவரிடம் சொல்லிவிட்டாயா? வாயைத் திறக்கவைப்பதுதானே அவர் தொழில்.

சக்கரம் என்னுடையது. அனுப்புவதாக இல்லை.

அண்ணி

மார்ச் 12

அண்ணி,

ஆமாம், உங்கள் குஷன்தான். ஆமாம், இறக்கையடியில்தான் உட்காருகிறோம். மழைக்கு ஒதுங்கி வேறு எங்கே உட்காருவதாம்? தலை இடித்துக்கொண்ட கதையையும் சொன்னேன். "பாவம்" என்றார். சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

பெடலை அவர் மாற்றவில்லை. உங்கள் கால் நீளமும் அவர் கால் நீளமும் ஒன்று. அதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு ஆறு மாதம் வெள்ளச்சியைத் தனியாகத்தான் பார்த்துக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஒருவர் வாலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் அச்சை உருவ வேண்டும். நானே தூக்கி, நானே முட்டுக் கொடுத்து, நானே தரையில் படுத்து. பேரிங்கில் சுற்றிக்கொண்ட புல்லை எடுக்க ஒரு மணி நேரம். அப்போதெல்லாம் யார் என் பக்கத்தில் இருந்தது? போனில் "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன் குருவி" என்று ஒரு குரல் இருந்தது. அந்தக் குரல் வாலைத் தூக்காது.

உங்கள் பாதி உங்களுடையதுதான். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் இருக்கை என்பது உட்காருகிறவருக்குத்தான் இருக்கை. காலியாக இருந்தால் அது வெறும் குழி.

நல்ல டயர் வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே ஒரு நாள் வைத்து அளந்தேன். வளர்ந்தது. டிராலி டயரை வாங்கவில்லை. இங்கே லேத் வைத்திருக்கும் ஒருவர் பித்தளையில் புதிதாகவே கடைந்து தருகிறேன் என்கிறார். இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டால் அப்படியே செய்துவிடுகிறோம். உங்கள் கதவு காற்றில் ஆட வேண்டாம்.

குருவி

மார்ச் 20

குருவி,

தெருவோர லேத்தில் கடைந்ததை வாலில் மாட்டாதே. எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சக்கரத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்திருக்கிறேன். டயர் பழையது, ஆனால் வெயில் படாமல் இருந்ததால் ரப்பர் மென்மையாகவே இருக்கிறது. மாட்டுவதற்குமுன் ட்யூபை ஒருமுறை பார். சரிபார்க்க வேண்டிய பட்டியல் உள்ளே இருக்கிறது.

எல்லாம் அனுப்பிவிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 15

அண்ணிக்கு,

வணக்கம். பித்தளைச் சக்கரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சென்ற வாரம் டாக்டர் கொஞ்சம் பலமாக இறக்கிவிட்டார். டயரும் ட்யூபும் வீணாகிவிட்டன. ரிம் விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருக்கிறது. அண்ணன் அலுவலகத்துக்கு எதிரில் விமான பாகங்களைச் சரிசெய்ய அங்கீகாரம் உள்ள பட்டறை இருப்பதாக நீங்கள் முன்பு சொல்லியிருந்தீர்கள். அங்கே கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கவும். வெள்ளச்சிக்கு வேறு பாதிப்பு இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அவசரம் இல்லை.

இப்படிக்கு,
குருவி

ஏப்ரல் 22

குருவி,

பார்சல் இன்னும் வரவில்லை. உன் கடிதம் முந்திக்கொண்டது.

மறைக்காமல் சொல்கிறேன். படித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். காற்று நன்றாக இருந்தது. "என்ன, ரொம்ப நாளைக்கு அப்புறம் முணுமுணுன்னு பாடுற?" என்றார் உன் அண்ணன்.

பதினோரு ஆண்டில் நான் ஒரு முறைகூட அந்த விளிம்பை மடக்கியதில்லை. இருபது ஆண்டு பறக்காமல் இருந்தவரை ஒற்றை இருக்கையில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். பாவம் வெள்ளச்சி. டாக்டருக்கு அடி ஒன்றும் இல்லையே? கேட்க வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

இனியாவது அவரைக் கொஞ்ச நாள் இரட்டை இருக்கையிலேயே வைத்திரு. எண்பத்தொரு கிலோவைத் தரையில் வைக்கத் தெரிய வேண்டும். தராசில் ஏறி நின்று சத்தமாகப் படித்தால் மட்டும் போதாது.

இன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 26

குருவி,

முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடு. முடியுமானால் படித்ததையும் மறந்துவிடு.

நேற்றுப் பார்சல் வந்தது. அப்படியே பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கையில் வாங்கியதும், "என்னம்மா, மாடியில இருந்து கீழ போட்டீங்களா?" என்றார். டயரைக் கழற்றச் சொன்னேன். ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள், பாம்பு கடித்த மாதிரி. ரிம்மின் இரண்டு விளிம்பும் ஒரே நேரத்தில் தரையில் இடித்து நசுக்கினால்தான் அப்படி வரும். உன் வெள்ளை நெயில் பாலிஷ் கோடு, டயரில் ஓரிடத்திலும் ரிம்மில் இரண்டு விரல் தள்ளியும் கிடந்தது. இது பலமாக இறங்கிய சக்கரம் இல்லை, குருவி. மேலிருந்து விழுந்த சக்கரம். முதலில் வால்தான் விழுந்திருக்கிறது.

எண்பத்தொரு கிலோ முன்னால் உட்கார்ந்து, பின்னால் பித்தளை இருந்தால் எடை சரியாக நிற்கும். வேகம் குறைந்தால் மூக்குதான் தானாகத் தாழும். வால் இப்படி விழ வேண்டும் என்றால், மூக்கு வானத்தைப் பார்த்தபடி வெள்ளச்சி காற்றில் நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்க, உட்கார்ந்திருந்தவர் மிகவும் இலேசாக இருந்திருக்க வேண்டும்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'வணக்கம்' என்று எழுதியிருக்கிறாய். நீ எனக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு இடத்தில்கூட 'அண்ணி' என்று கூப்பிடவில்லை.

டாக்டர் இறக்கவில்லை. நீதான் ஏறியிருக்கிறாய். பித்தளையோடு.

எப்படி ஏறினாய் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்டிக்கைப் பார்த்திருப்பாய். பேண்ட் இல்லை.

இதை எழுத நேற்றிரவு முழுக்க ஆயிற்று. மார்ச் 20 அன்று அட்டைப் பெட்டியில் சக்கரத்தை வைத்தேன். சுற்றிலும் பழைய துணி வைத்தேன். பேண்டைச் சுருட்டி நடுத்துளையில் செருகினேன். டேப் ஒட்டும்போது, அவர் ஏறி உட்கார்ந்து, அதை ஸ்டிக்கில் மாட்டிக்கொண்டு, 'இது யாருடையது?' என்றுகூடக் கேட்காமல் பறப்பது போல ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது. சக்கரம் போகட்டும், இது எதற்கு அவருக்கு என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பேண்டை எடுத்து என் தலையில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் உனக்கு 'எல்லாம் அனுப்பிவிட்டேன்' என்று எழுதினேன்.

அது என்ன பேண்ட் என்று எனக்குத் தெரியாதா? அதை வைத்ததே நான்தானே? நீ செத்துப்போயிருக்கலாம், குருவி. என் தலைமுடியில் இருந்த ஒரு பேண்டுக்காக.

உனக்கு எங்கே அடி? ஒரு வரியாவது எழுது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணி

மே 2

அண்ணி,

முதுகில்தான். எலும்பில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மூன்று வாரம் பெல்ட் போட்டிருந்தேன். இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. போனில் பேசியிருந்தால் அழுதிருப்பேன். நீங்கள் அழுவதைக் கேட்டிருப்பேன். அதனால் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

ஏப்ரல் 6. காலையில் டாக்டர் பறந்தார். அழகாகப் பறந்து, நீங்கள் வைக்கிற மாதிரியே பூப்போல இறக்கினார். அது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் அதுதான் நடந்தது. இறங்கினதும் கிளினிக்கிலிருந்து போன், யாருக்கோ முகம் வீங்கிவிட்டது. அவசரமாகக் கிளம்பினார். மேகம் அருமையாகக் கட்டிக்கொண்டிருந்தது. நான் குஷனை மாற்றினேன், பெடலை இழுத்தேன், ஸ்டிக்கைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. பதினோரு வருடமாக வெறுமையான ஸ்டிக் என்றால் எனக்கு ஏறு என்று அர்த்தம். கை, கால், கண் எல்லாம் அப்படியே பழகிவிட்டன. ஏறிவிட்டேன்.

கயிறு கட்டி இழுக்கிற விமானம் கிளம்பியதுமே தெரிந்துவிட்டது. வெள்ளச்சி எழும்பவில்லை, துள்ளினாள். ஸ்டிக்கை முட்ட முட்டத் தள்ளினேன். கயிறு மேலே ஏறுகிறது, இன்னும் ஒரு நொடி போனால் முன்னால் போகிற விமானத்தின் வாலையும் தூக்கிவிடுவேன். கயிற்றை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எப்படித் திரும்பினேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. தரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கீழே போட்டாள். நீங்கள் சக்கரத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரியேதான்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். பார்சல் வந்த அன்றே பேண்ட் இல்லை என்று பார்த்தேன். துணியை எல்லாம் உதறித் தேடினேன். டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது கட்டிடலாமா? ஒரு துண்டு சிவப்புத் துணி போதுமே?" நான்தான் வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் வேறு எதையும் கட்ட எனக்கு மனசு வரவில்லை. "அது எங்க அண்ணியோட இடம். நான் ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றேன். ஒன்பது நாள் ஞாபகம் வைத்திருந்தேன். ஆகவே முழுப் பழியையும் நீங்களே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாதிதான் உங்களுடையது, வெள்ளச்சி மாதிரி.

பொய் எழுதியது ஏன் என்றால், டாக்டர் தப்பு செய்தார் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதிக்கங்க. எனக்கு ஒண்ணும் கொறைஞ்சிடாது" என்றார்.

பேண்ட் வேண்டும். அதில்லாமல் இனி யாரும் பித்தளையைத் தொடக்கூடாது என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். யாருக்கு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

குருவி

மே 10

குருவி,

அவர் நல்லவராக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா? கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் அறிவாளிங்க. ஒரு ரப்பர் பேண்டுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். உன்னிடம்தான் பேசினார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

சக்கரம் தயார். விளிம்பைச் சமன் செய்து, விரிசல் உண்டா என்று சாயம் பூசிப் பார்த்து, சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். புது டயர், புது ட்யூப், புது பேரிங். நம் இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

சரிசெய்தபின் சக்கரத்தின் எடையை எழுத வேண்டும் என்பதால் பட்டறைத் தராசில் வைத்தார்கள். ஐம்பது கிராம்தான் குறைந்திருக்கிறது. அதை எடுத்ததும் நான் ஏறி நின்றேன். செருப்போடு, வாட்ச்சோடு. எழுபது. இறங்கி மறுபடி ஏறினேன். "மெஷின் சரியாத்தாம்மா இருக்கு" என்றார் பட்டறைக்காரர். லிஃப்ட் இல்லாத மூன்று மாடியும், இறங்காத சோறும் சேர்ந்து பதிமூன்று கிலோவைக் கொண்டுபோயிருக்கின்றன. கண்ணாடியில் தெரியாததைத் தராசு சொல்லிவிட்டது.

வெள்ளச்சியின் எடை அட்டையில் பித்தளைக்கு எழுதியிருப்பது, ஏறுகிறவர் குறைந்தது எழுபத்தாறு கிலோ. நான் இதைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னுடையது என்று உரிமையோடு மாட்டி ஏறியிருந்தால் உனக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கும். ஒரு ஆண்டாகக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் காவல் காத்தேன். அது எப்போதோ வேறொருவருடையதாகிவிட்டது.

ஜூன் முதல் சனிக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். இது அந்த 'அடுத்த மாசம்' இல்லை. டாக்டரையும் வரச் சொல். பேண்டை நானே கையில் கொடுக்கிறேன், பார்சலை இனி நம்புவதாக இல்லை. கொடுக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ பார்க்காமல் இரு.

உன் முதுகோடு நீ வாலைத் தூக்க வேண்டாம். நான் தூக்கிப் பிடிக்கிறேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவருடைய சக்கரத்தை மாட்டு. அவர் முதலில் பறக்கட்டும். இறங்கியதும் பேண்டைக் கழற்றி, பித்தளையைக் கழற்றி, சாதாவை மாட்டுவோம். அப்புறம் பயிற்சியாளர் சரி என்றால் நான் ஏறுகிறேன். உன் முதுகு சரியானதும் நீ.

நம் இருவருக்கும் நடுவில் இனிமேல் சக்கரம் மாற்றும் வேலை இல்லை, குருவி.

அண்ணி

பி.கு.: ஆணியில் தொங்கும் என் தொப்பியை அவர் ஒரு நாளாவது போட்டுப் பார்த்தாரா? வந்ததும் உண்மையைச் சொல். பொய் சொல்லாதே, தொப்பியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.